வண்டியேறிய குளிர்பெட்டி

வேனின் கூரைமேல் ஒரு சூரியப் பலகை, இருக்கைக்கு அடியில் ஒரு பேட்டரி, அதன் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். கேம்பர்வேன் என்று மேலைநாட்டார் அழைக்கும் வீட்டுவண்டியை வைத்திருக்கும் பலரிடமும் இன்று இந்த மூன்றும் இருக்கின்றன. மின்கம்பி எட்டாத ஆஸ்திரேலியப் பாலைநிலத்து ஓரத்தில் ஒரு வாரம் தங்குகிறார்கள்; பால் திரிவதில்லை, வெண்ணெய் உருகுவதில்லை. பார்ப்பதற்கு மிக எளிய ஏற்பாடு. ஆனால் இந்த மூன்று பொருட்களும் ஒரே கூரையின்கீழ் சந்தித்துக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மூன்றும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. வேனுக்காகப் பிறந்தது அவற்றில் ஒன்றுமில்லை.

இந்த வரலாற்றைப் படித்துவரும்போது ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குளிரை உண்டாக்கும் வித்தை மனிதனுக்கு வெகுசீக்கிரமே கைவந்துவிட்டது. அவன் திணறியதெல்லாம் இரவைக் கண்டுதான். வெயில் சாய்ந்தபின், எஞ்சின் நின்றபின், அடுத்த வெயில் வரும்வரையிலான அந்தப் பன்னிரண்டு மணிநேரத்துக்கான குளிரை எந்த வடிவில் சேர்த்துவைப்பது? பனிக்கட்டியாகவா, எரிவாயுவாகவா, பேட்டரிக்குள் மின்சாரமாகவா? கேம்பர்வேன் ஃபிரிட்ஜின் கதை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குக் காலந்தோறும் சொல்லப்பட்ட விடைகள்தாம்.

முதல் விடை பனிக்கட்டி. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடெரிக் ட்யூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியைப் பாளம்பாளமாக அறுத்து, வெப்பம் புகாதபடி பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். நான்கு மாதக் கடற்பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்தாக வேண்டும். ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. அந்த வணிகத்தின் நினைவாகச் சென்னைக் கடற்கரையில் இன்றும் ஒரு கட்டடம் நிற்கிறது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கும் அந்த மாளிகை, 1842-இல் ட்யூடரின் பனியைச் சேர்த்துவைக்கக் கட்டிய கிடங்கு. பேருந்து நடத்துனர்கள் இன்னும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் கூவுகிறார்கள். இயந்திரம் எதுவுமின்றி, உறை ஒன்றின் துணையால் மட்டும், குளிர் உலகின் மறுபக்கம் வரை பயணம் செய்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் புகழ்பெற்ற வேனை 1950 மார்ச்சில் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற இன்னொரு ஜெர்மானிய நிறுவனம், அந்த வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி அதை ஒரு சிறு வீடாக்கும் வேலையில் இறங்கியது. அக்காலத்து வீட்டுவண்டிகளில் ஃபிரிட்ஜ் என்று இருந்தது பெரும்பாலும் ஐஸ்பெட்டிதான். வழியில் பனிக்கட்டி வாங்கிப் போடவேண்டும். ஓரிரு நாளில் அது கரையும். கரைந்த நீரை வடித்துவிட்டு மறுபடி பனிக்கட்டி தேட வேண்டும். ஊரைவிட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்தப் பெட்டியே தீர்மானித்தது.

இரண்டாவது விடை சற்று விசித்திரமானது. நெருப்பைக் கொண்டு குளிர்விப்பது!

ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸர் ஃபான் பிளாட்டன், கார்ல் முந்தெர்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 1922-இல் ஒரு குளிர்சாதனப் பெட்டியைச் செய்தார்கள். அதில் மோட்டார் கிடையாது. அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. அம்மோனியா கலந்த நீரை அடியில் ஒரு சிறு சுடர் கொதிக்கவைக்கும். பிரியும் அம்மோனியா ஆவி மேலேறி, குழாய்களில் வெப்பத்தை இழந்து திரவமாகும். அந்தத் திரவம், ஹைட்ரஜன் நிரம்பிய ஓர் அறைக்குள் வழியும். அங்கே அம்மோனியாவின் பங்கழுத்தம் குறைவு என்பதால் அது மறுபடி ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ளும். பெட்டி குளிரும். பிறகு நீர் அந்த ஆவியை உறிஞ்சிக்கொண்டு சுடரிடம் திரும்பிவிடும். எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925-இல் இந்தக் கண்டுபிடிப்பை வாங்கி உலகெங்கும் கொண்டுசென்றது.

அந்நாளைய ஃபிரிட்ஜ்கள் எத்தனை அபாயமானவை என்பதை அறிந்தால்தான் இந்த ஓசையற்ற பெட்டியின் அருமை புரியும். அம்மோனியாவும் சல்ஃபர் டை ஆக்சைடும் மெதில் குளோரைடும் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இணைப்புகள் கசிந்தால் உயிர் போகும். பெர்லினில் ஒரு குடும்பம் அப்படிக் கசிந்த வாயுவால் மாண்ட செய்தியை நாளிதழில் படித்து மனம் கலங்கியவர்களில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் ஒருவர். அவரும் லியோ சிலார்டும் சேர்ந்து, அசையும் உறுப்பற்ற குளிர்சாதனங்களுக்காக 1926 முதல் உழைத்தார்கள். 1930-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். அவர்களின் காப்புரிமைகளில் சிலவற்றை எலெக்ட்ரோலக்ஸ் வாங்கியது. ஆனால் அந்தப் பெட்டி கடைக்கு வந்ததே இல்லை. சார்பியலைத் தந்தவரின் ஃபிரிட்ஜ் காகிதத்தில் தங்கிவிட்டது. இரண்டு மாணவர்களின் ஃபிரிட்ஜ் வீடுகளுக்குள் நுழைந்தது. முந்தெர்ஸ் அத்தோடு நிற்கவில்லை. பாலிஸ்டைரீனை நுரையாக்கும் முறையையும் 1930-களில் கண்டார். நம் ஊர்க் கல்யாண மேடைகளில் பெயர்களை வெட்டி ஒட்டும் தெர்மகோலுக்கு அது நெருங்கிய உறவு. குளிரை ஆக்கவும் தெரிந்தவர், காக்கவும் தெரிந்தவர்.

வேன்காரர்களுக்கு இந்தப் பெட்டி வரம்போல வாய்த்தது. ஒரு சிறு எரிவாயு உருளை இருந்தால் வாரக்கணக்கில் குளிர் கிடைக்கும். வெப்பம்தான் தேவை என்பதால் அது எங்கிருந்து வந்தாலும் சரி: எரிவாயு, வீட்டு மின்சாரம், வண்டியின் 12 வோல்ட் மின்சாரம் மூன்றிலும் ஓடும் ‘மும்முறை’ ஃபிரிட்ஜ்கள் வந்தன. 1979-இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் வேனின் வெஸ்ட்ஃபாலியா வடிவங்களில் இவ்வகைப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. இன்றும் எத்தனையோ வீட்டுவண்டிகளில் இதுவே இருக்கிறது.

ஆனால் வரத்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. பெட்டிக்குள் திரவங்கள் புவியீர்ப்பால் மட்டுமே வழிகின்றன. வண்டி சாய்வாக நின்றால் திரவம் தேங்கும், கொதிகுழாய் வறண்டு சூடேறும், நாளடைவில் பெட்டியே பழுதாகும். ஆகவே இரவு தங்கும் இடத்தை அடைந்ததும் வேன்காரர் முதலில் கையில் எடுப்பது, நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை! சக்கரத்துக்கு அடியில் கட்டைகள் செருகி வண்டியை மட்டமாக்கிய பிறகே மற்ற வேலை. வெளியே வெயில் கொளுத்தினால், அம்மோனியா தன் வெப்பத்தை இழக்க வழியின்றிக் குளிர் குன்றிவிடும். அதாவது எப்போது மிகவும் தேவையோ அப்போது கைவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர்கள் உறங்கும் ஒரு தகரக்கூட்டுக்குள் இரவெல்லாம் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. புகைப்போக்கி அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும். அது மணம் அற்றது, உறங்குபவரை எழுப்பாது.

சரி, எரிவாயுவை விட்டுவிட்டு அதே பெட்டியை 12 வோல்ட்டில் ஓட்டினால் என்ன? இங்கே ஒரு சின்னக் கணக்கு. அந்தப் பெட்டியின் சூடேற்றும் கம்பி ஏறத்தாழ 100 வாட் எடுக்கும், இடைவிடாமல். 12 வோல்ட்டில் அது மணிக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். 100 ஆம்பியர்-மணி கொள்ளும் ஈய பேட்டரியில், அதன் ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குள் அந்தப் பாதி தீர்ந்துவிடும். அதனால்தான் மும்முறைப் பெட்டியின் 12 வோல்ட் வசதி, எஞ்சின் ஓடும்போது மட்டுமே பயன்படுத்தத் தக்கதாக இருந்தது. மறந்துபோய் அணைக்காமல் படுத்தவருக்குக் காலையில் வண்டியே கிளம்பாது.

நம் வீடுகளில் உள்ளதைப் போன்ற கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இதைவிடப் பன்மடங்கு சிக்கனமானது. அது மின்சாரத்தை வெப்பமாக்குவதில்லை. வெப்பத்தை உள்ளேயிருந்து வெளியே இறைக்கிறது. கிணற்றிலிருந்து நீரிறைப்பதுபோல. செலவிடும் ஆற்றலைவிட அதிக வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடியும். சுடர்ப்பெட்டியோ செலவிடும் ஆற்றலில் கால் பங்கு அளவுக்கே குளிர் தரும். அப்படியானால் இதை ஏன் ஆரம்பத்திலேயே வண்டியில் ஏற்றவில்லை? தடை மோட்டாரில் இருந்தது. கம்ப்ரசரும் மோட்டாரும் குளிர்பொருளோடு ஒரே இரும்புக் குடத்துக்குள் நிரந்தரமாக மூடப்பட்டிருக்கின்றன. கசிவைத் தடுக்க அதுவே வழி. பேட்டரியின் நேர்மின்சாரத்தில் ஓடும் பழைய மோட்டார்களுக்கோ கரித்தூரிகைகள் வேண்டும். தூரிகைகள் பொறி பறக்கவிடும், தேயும், தூள் உதிர்க்கும். திறக்கவே முடியாத குடத்துக்குள் அவற்றை எப்படி வைப்பது?

ஜப்பானின் சவாஃபுஜி நிறுவனம் சுழலும் மோட்டாரையே தவிர்த்துவிட்டு, மின்காந்தத்தால் முன்னும் பின்னும் அசையும் ஒரு கம்ப்ரசரைச் செய்தது. எங்கெல் என்ற பெயரில் வந்த அந்தப் பெட்டிகள் ஆஸ்திரேலியாவின் புழுதிச் சாலைகளில் பெரும் பெயர் பெற்றன. டென்மார்க்கின் டான்ஃபாஸ் இன்னொரு வழியில் போனது: தூரிகையின் வேலையைக் குடத்துக்கு வெளியே உள்ள மின்னணுச் சுற்றிடம் ஒப்படைத்தது. தேங்காய் அளவே இருக்கும் அதன் பி.டி. வரிசைக் கம்ப்ரசர்கள் படகுகளுக்கும் லாரிகளுக்கும் வேன்களுக்கும் பரவின. ஐம்பது லிட்டர் பெட்டி ஒன்று, ஓடும் நேரத்தில் ஏறத்தாழ 45 வாட்டும், ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 வாட்-மணி அளவும் எடுத்தது. வண்டி சாய்ந்து நின்றாலும் அதற்குக் கவலையில்லை. பேட்டரியின் அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கினால் தானே நின்றும்விடும். (டான்ஃபாஸ் இந்தத் தொழிலை 2010-இல் விற்றுவிட்டது; அவை இப்போது செகாப் என்ற பெயரில் வருகின்றன.)

இனிச் சூரியப் பலகைக்கு வருவோம். அதன் பிறப்பிலும் வெப்பநாடுகளின் ஈரக்காற்றுக்கு ஒரு பங்குண்டு. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டேரில் சாப்பினுக்கு 1950-களின் தொடக்கத்தில் ஒரு வேலை தரப்பட்டது: புழுக்கம் மிகுந்த வெப்பநாடுகளில் தொலைபேசிக் கருவிகளின் உலர்மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போகின்றன, மாற்று கண்டுபிடிக்கவேண்டும். அவர் செலினியத்தில் தொடங்கினார். ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை. அதே ஆய்வகத்தில் சிலிக்கானோடு மல்லாடிக்கொண்டிருந்த ஜெரால்ட் பியர்சனும் கால்வின் ஃபுல்லரும் கைகொடுத்தார்கள். 1954 ஏப்ரல் 25 அன்று மூவரும் உலகுக்குக் காட்டிய சிலிக்கான் மின்கலம், நூற்றில் ஆறு பங்கு ஒளியை மின்சாரமாக்கியது.

ஒரு வாட்டுக்கு அன்றைய விலை ஏறத்தாழ 300 டாலர். நம் ஃபிரிட்ஜுக்கு 100 வாட் பலகை வேண்டுமென்றால் 30,000 டாலர்! அந்தப் பணத்தில் பத்து ஃபோக்ஸ்வாகன் வேன்களையாவது வாங்கியிருக்கலாம். ஆகவே அது விண்ணுக்குப் போயிற்று. 1958-இல் வான்கார்ட் செயற்கைக்கோள் சூரிய மின்கலங்களோடு பறந்தது. பலகையை மண்ணுக்கு இறக்கியதில் எண்ணெய் நிறுவனப் பணத்துக்கு ஒரு பங்கிருப்பது வரலாற்றின் குறும்பு. எக்ஸான் பணத்தில் இயங்கிய எலியட் பெர்மனின் நிறுவனம், 1970-களின் முற்பகுதியில் விலையை வாட்டுக்கு 20 டாலர் அளவுக்கு இறக்கியது. கடல்மேல் உள்ள எண்ணெய்த் தளங்களின் எச்சரிக்கை விளக்குகளும் மிதவைகளும் முதல் வாடிக்கையாளர்கள். பின்னர், 1970-களின் இறுதியில், நகரத்தைத் துறந்து வட கலிஃபோர்னியாக் காடுகளில் குடியேறியவர்கள் வாங்கினார்கள். அவர்களில் கஞ்சா பயிரிட்டவர்களும் கணிசம். மின்வாரியத்திடம் இணைப்புக் கேட்கத் தயங்குவோருக்குச் சூரியன் வசதியாக இருந்ததில் வியப்பில்லை. இன்று ஒரு வாட் ஒரு டாலருக்கும் கீழே. நல்ல வெயிலில் 100 வாட் பலகை நாளொன்றுக்கு 400 வாட்-மணி வரை தரும். கம்ப்ரசர் பெட்டி கேட்பதும் அவ்வளவுதான்.

ஆக, பகற்கணக்கு நேராகிவிட்டது. எஞ்சியது இரவு.

இங்கேதான் வேனைவிட்டு மருத்துவமனைப் பக்கம் போகவேண்டியிருக்கிறது. இதே கம்ப்ரசர், இதே பலகை, இதே பேட்டரி, வேறோர் இடத்திலும் சந்தித்துக்கொண்டன. அங்கே கெட்டுப்போகக் காத்திருந்தது பால் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1974-இல் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருந்தாகவேண்டும். சூடு பட்டாலும் கெடும்; டி.பி.டி. போன்றவை உறைந்தாலும் கெடும். கெட்ட மருந்து பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும். மின்சாரமில்லாத சிற்றூர் நிலையங்களில் பிளாட்டன்-முந்தெர்ஸ் பெட்டி மண்ணெண்ணெய்ச் சுடரில் ஓடியது. திரி புகையும், மண்ணெண்ணெய் வராமல் போகும், வெப்பநிலை ஏறி இறங்கும். எனவே 1980-களில் சூரியப் பலகையும் பேட்டரியும் கொண்ட ஃபிரிட்ஜ்கள் அங்கே வந்திறங்கின.

பலகைகள் நிலைத்தன, ஃபிரிட்ஜ்கள் நிலைத்தன. பேட்டரிகள்தாம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மடிந்தன. மாற்றப் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. ஒதுக்கியிருந்தாலும் தகுந்த பேட்டரி அந்த ஊரில் கிடைக்காது. ஈய பேட்டரி கஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கியது. அடிப்படை வேதியியல் அன்றுபோலவே இருக்கிறது. அரைவயிற்றுக்குக் கீழே அடிக்கடி காலியானால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். வேன்காரர் தன் பேட்டரியைத் தினமும் பார்க்கிறார். அவர் பணம், அவர் பால். சிற்றூர் நிலையத்தின் பேட்டரிக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் இல்லை. ஒரே ஏற்பாடு ஓரிடத்தில் வென்று இன்னோரிடத்தில் தோற்றதற்கு, என் கருத்தில், வேதியியலைவிட இதுவே பெரிய காரணம்.

அப்போதுதான் ட்யூடரின் பனிக்கட்டி திரும்பி வந்தது. யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், கிரீன்பீஸ், டென்மார்க்கின் தொழில்நுட்ப நிலையம் முதலியவை 2000-களின் தொடக்கத்தில் ‘சோலார்சில்’ என்ற கூட்டுத் திட்டத்தைக் கையிலெடுத்தன. பேட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு, பலகையிலிருந்து கம்ப்ரசருக்கு நேராக மின்சாரம் பாய்ச்சினார்கள். வெயில் உள்ளவரை கம்ப்ரசர் ஓடி, பெட்டியின் சுவர்களுக்குள் இருக்கும் நீரைப் பனியாக்கும். இரவில் அந்தப் பனி மெல்லக் கரைந்து மருந்தைக் காக்கும். மேகமூட்டமான சில நாட்களையும் அது தாங்கும். வெயில் ஏறி இறங்குவதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் சூரியக் கம்ப்ரசரை டான்ஃபாஸ் தந்தது. வேன்களில் ஓடிய அதே பி.டி. குடும்பத்துப் பிள்ளைதான். செனகல், இந்தோனேசியா, கியூபா ஆகிய நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். இன்று ‘நேரடிச் சூரிய’ ஃபிரிட்ஜ்கள் தடுப்பூசித் திட்டங்களில் நிலைபெற்ற பொருளாகிவிட்டன.

வேன்கள் மட்டும் அந்த வழியில் திரும்பவில்லை. பனிச்சுவர் கனமானது, இடத்தை அடைப்பது. சிறு வண்டியில் இரண்டுமே கட்டுப்படியாகாது. விளக்குக்கும் கைபேசிக்கும் எப்படியும் பேட்டரி வேண்டும். அவர்களுக்கான விடை டெக்சாஸிலிருந்து வந்தது. 1997-இல் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு, அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகிய இந்தியர்களும் இடம்பெற்ற குழு, இரும்பு பாஸ்ஃபேட்டை லித்தியம் பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியது. குட்இனஃப் 2019-இல், தம் 97-ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார். லித்தியம் அயனி பேட்டரிக்காக விட்டிங்ஹாமோடும் யோஷினோவோடும் பகிர்ந்துகொண்ட பரிசு அது. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 30 கிலோவை ஒட்டி எடையிருக்கும், அதில் பாதியே பயன்படும். லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரியின் எடை 12 கிலோ போல, பெரும்பகுதியையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு விநோதமும் உண்டு: உறைநிலைக்குக் கீழே அதில் மின்னேற்றம் செய்யக்கூடாது, கெட்டுவிடும். குளிர்காலத்தில் ஐரோப்பிய வேன்காரர்கள், ஃபிரிட்ஜைக் குளிர்விக்கும் பேட்டரிக்குக் குளிராமல் இருக்கச் சூடேற்றும் பட்டை சுற்றுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பழைய வழக்கம் ஒன்று முற்றாக விட்டுப்போகவில்லை. பேட்டரி நிறைந்து, பலகையின் மின்சாரம் போக்கிடமின்றி நிற்கும் நண்பகலில், அனுபவப்பட்ட வேன்காரர்கள் ஃபிரிட்ஜின் குளிரை இரண்டு மூன்று பாகை கூட்டிவைக்கிறார்கள். இரண்டு நீர்ப் புட்டிகளையும் உள்ளே அடுக்கிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். நள்ளிரவு தாண்டும்வரை கம்ப்ரசரின் சத்தம் அதிகம் கேட்காது.